வெள்ளித் திரையும் குத்துவிளக்கும்

உங்கள் வீட்டுப் பூஜை அறையிலோ, அடுக்களைச் சுவரிலோ மாட்டியிருக்கும் சுவாமி படத்தின் கீழ் ஓரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பொடி எழுத்தில் ஓர் அச்சகத்தின் பெயரும், அதை அடுத்துச் ‘சிவகாசி’ என்ற ஊரின் பெயரும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். லக்ஷ்மி தாமரையில் வீற்றிருப்பதும், முருகன் மயிலோடு புன்னகை செய்வதும், மீனாட்சி கிளியோடு நிற்பதும் பெரும்பாலும் அந்த ஊர் அச்சு யந்திரத்திலிருந்து வந்தவைதாம். அந்தக் காகிதத்தின் முன்னால் நாம் தினமும் கை கூப்புகிறோம். யாரும் அதைத் தவறென்று சொல்வதில்லை.

ஆனால், அதே லக்ஷ்மி திரைப்படத்தில் நடந்து வந்து பேசினால் மட்டும் நமக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. “சினிமாவும் டெலிவிஷனும் பார்ப்பது பக்திக்கு விரோதம் அல்லவா? அந்த நேரத்தில் நாலு நாமம் சொல்லலாமே?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பார்க்கிறவர்களும் ஏதோ குற்றம் செய்கிற மாதிரி, மாமியார் தூங்கிய பிறகு ஒலியைக் குறைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். மாமியார்களோ மருமகள் ஆபீசுக்குப் போன பிறகு பார்க்கிறார்கள்! இந்தக் கண்ணாமூச்சி அவசியந்தானா என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

அச்சிலிருந்து திரைக்கு

1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்வதற்காகக் கல்கத்தாவுக்குப் போனார்கள். தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பிறகு பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு மேல் ஒட்டும் லேபிளுக்கு அச்சு வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. அந்த அச்சகங்களில் பிறந்தவைதாம் நம் காலண்டர் தெய்வங்கள்.

அந்தத் தெய்வங்களுக்கு முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு. அவருடைய கதை விசித்திரமானது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். இளமையிலேயே துறவில் மனம் சென்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனி ஒன்றுக்குத் திரைச்சீலை வரைந்தார். ஆசிரமத்தில் பழகிய கண்ணும், நாடக மேடையில் பழகிய கையும் சேர்ந்து வரைந்த படங்களைத்தான் தமிழ்நாட்டு வீடுகள் சுவரில் மாட்டிப் பூ வைத்தன. பக்திக்கும் நாடகக் கொட்டகைக்கும் பகை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைக் காட்டினால் போதும்.

இந்தியாவில் சினிமா பிறந்த கதையும் இப்படித்தான். தாதாசாகிப் பால்கே அச்சுத் தொழிலில் இருந்தவர். ராஜா ரவிவர்மாவின் சித்திரங்களை அச்சிட்ட அச்சகத்தில் வேலை பார்த்தவர். 1910-ஐ ஒட்டிப் பம்பாயில் ஏசுநாதரின் வாழ்க்கையைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்தார். ஏசு திரையில் நடமாட, இவருடைய மனக்கண்ணில் கிருஷ்ணனும் ராமனும் நடமாடினார்கள். “நம் தெய்வங்களை நாம் இப்படிப் பார்ப்பது எப்போது?” என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது. ஒரு மதத்தின் படத்தைப் பார்த்து இன்னொரு மதத்தின் பக்தி பொங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள்!

சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பால்கேயின் மனைவி சரஸ்வதிபாயை. கணவருக்குக் கைப்பணம் போதாதபோது நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். படச் சுருளுக்குத் துளையிடவும், மருந்து கலந்து அதைக் கழுவவும் கற்றுக்கொண்டார். படப்பிடிப்புக் கூட்டம் முழுவதற்கும் சமைத்தும் போட்டார். அந்தப் படத்தில் சந்திரமதியாக நடிக்க ஒரு பெண்கூட முன்வரவில்லை. ஆண் ஒருவரே அந்த வேஷத்தைப் போட்டார். திரையின் முன்னால் பெண் இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் நகையும் உழைப்பும் இருந்தன.

வெள்ளைப் புடவை ஔவை

பெண்கள் திரைக்கு முன்னால் வந்த பிறகு நடந்ததைச் சொல்ல ஒரே ஒரு பெயர் போதும்: கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

1933-ல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. நெற்றி நிறைய விபூதி. ஆண்களுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் வேறு. அந்தக் காலத்தில் அந்த நிலையில் உள்ள பெண்ணை நல்ல காரியத்துக்கு எதிரே வர விடமாட்டார்கள். அப்படிப்பட்டவரைத்தான் 1935-ல் நந்தனாராக நடிக்க அழைத்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பது நாடெங்கும் பேச்சாக இருந்தது. 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. தமிழ் மக்களுக்கு ஔவைப் பாட்டியின் முகம் என்றால் இன்றுவரை அந்த முகந்தான். 1958-ல் அவர் சென்னை மேல்சபையின் உறுப்பினராகவும் ஆனார். 1965-ல் வந்த ‘திருவிளையாட’லில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானம் செய்ய அதே ஔவை வந்தார்.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் மங்கல காரியத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட கோலத்தை, திரையில் கண்ட மக்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். எத்தனை உபந்நியாசங்கள் செய்ய முடியாத காரியம் இது! ‘திருவிளையாடல்’ படத்தில் அம்மையப்பனைப் பார்த்துக் கை கூப்பியது மட்டும் பக்தியல்ல. ஔவையைக் கும்பிட்டு வந்தவள், தன் வீட்டுக் கூடத்தின் மூலையில் வெள்ளைப் புடவையோடு ஒதுங்கி நின்ற நாத்தனாரை, “வாருங்கள், நீங்களும் பெண்ணுக்கு ஆசீர்வாதம் செய்யுங்கள்” என்று அழைத்திருந்தால், அதுவும் பக்திதான். ஒரு படி மேலான பக்தி என்றுகூடச் சொல்லலாம்.

அதே படத்தில் நாகேஷ் நடித்த தருமியை மறந்தவர் உண்டா? பரமசிவனாக நம்மை யாரும் நினைத்துக்கொள்ள முடியாது. சிவனே எழுதினாலும் பிழை பிழைதான் என்று நிற்கும் நக்கீரரின் துணிவும் நமக்கு வராது. ஆனால் கோயிலில் தனியாக நின்று, “எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று சுவாமியிடம் சண்டை போடும் தருமியை நமக்கு நன்றாகத் தெரியும். வாடகைக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் முழிக்கிற மாதக் கடைசியில் நாம் எல்லாருமே தருமிதான். சிரித்துக்கொண்டே நம்மை நாமே பார்த்துக்கொள்ள அந்தக் காட்சி கற்றுக்கொடுத்தது.

கூடத்துக்கு வந்த ராமர்

சினிமாவுக்குப் போக வேண்டுமானால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டும். டெலிவிஷனோ கூடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975-ல் தொடங்கியது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமானந்த சாகரின் ‘ராமாயண்’ ஒளிபரப்பானபோது நாடே ஸ்தம்பித்து நின்றது. ஸ்நானம் செய்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, ஊதுவத்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள் அநேகம். நம் பக்கத்தில் ஹிந்தி புரியாத பாட்டிகளும் பார்த்தார்கள். அவர்களுக்கு ஏன் பாஷை? கதைதான் நெஞ்சிலேயே இருக்கிறதே! அடுத்து வந்த ‘மகாபாரத’த்துக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஜா என்ற முஸ்லிம் எழுத்தாளர். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின்போது கோயில் கதவுகள் சாத்தப்பட்டிருக்கையில், ‘ராமாயண்’ மீண்டும் ஒளிபரப்பாகி வீடுகளுக்கு ஆறுதல் தந்தது.

படுக்கையோடு இருக்கும் பெரியவர்களுக்குத் திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தையும், ஸ்ரீரங்கத்துச் சொர்க்கவாசலையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்து காட்டுவது இந்தப் பெட்டிதானே? நவவித பக்தியில் முதலாவது சிரவணம், அதாவது கேட்பது. நம் பாட்டிமார் கோயில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்டார்கள். தெருக்கூத்தும் தோல்பாவைக்கூத்தும் விடிய விடியப் பார்த்தார்கள். இன்று நாம் கூடத்தில் கேட்கிறோம், பார்க்கிறோம். பாத்திரம் மாறியிருக்கிறதே ஒழிய, பால் மாறவில்லை.

திருச்சுழியில் பிறந்தவர் சொன்னது

இதுவரை சுவாமி படங்களைப் பற்றியே பேசினோம். சுவாமியே இல்லாத படங்களைப் பார்க்கும்போது என்ன செய்வது?

இதற்கு விடை சொன்ன மகான் இதே விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர். 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் வேங்கடராமனாகப் பிறந்து, பதினாறு வயதில் அருணாசலத்துக்குச் சென்று, ரமண மகரிஷியாக உலகம் அறிய விளங்கியவர். அவர் 1928-ல் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ நூலின் முதற் பாட்டிலேயே படமும், பார்ப்பவனும், படம் தங்கும் திரையும், அதற்கு வேண்டிய ஒளியும் வந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே பொருள் என்கிறார். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931-ல். தமிழ் சினிமா பேச ஆரம்பிப்பதற்கு முன்பே மகரிஷி திரையைப் பற்றிப் பேசிவிட்டார்!

பிறகு அன்பர்கள் சந்தேகம் கேட்டபோதெல்லாம் சினிமாவை வைத்தே அவர் விளக்கினார். கருத்து இதுதான்: திரையில் தீ எரிகிறது, திரை கருகுவதில்லை. வெள்ளம் வருகிறது, திரை நனைவதில்லை. அரசன் வருகிறான், கள்ளன் வருகிறான், ஒருவரும் திரையில் ஒட்டிக்கொள்வதில்லை. படம் ஓடும்போது திரையை நாம் கவனிப்பதே கிடையாது. ஆனால் திரை இல்லாமல் படம் இல்லை. நம்முடைய சுகமும் துக்கமும் ஓடுகிற படம். அவற்றுக்கு இடம் கொடுத்துவிட்டு மாறாமல் இருக்கிற ஒன்று நமக்குள் இருக்கிறது. அதைக் கவனி என்றார்.

வேதாந்தம் நமக்கு எட்டுமா என்று தயங்க வேண்டாம். தொடர் நாடகத்தில் கதாநாயகி கண்ணீர் விடும்போது உங்கள் கண்ணும் கலங்குகிறது. ஆனாலும், “பால் பொங்கிவிடப் போகிறதே” என்று உள்ளே ஒன்று விழித்துக்கொண்டு இருக்கிறது அல்லவா? அழுகையோடு சேர்ந்து அழாமல், அழுகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த விழிப்பை ஒரு கணம் கவனியுங்கள். மறுநாள் உங்கள் வீட்டிலேயே ஒரு கடுஞ்சொல் வந்து விழும்போது, அதே விழிப்பைக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் சொல்லுவதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் எத்தனையோ குடும்பச் சண்டைகள் பிறக்காமலே போயிருக்கின்றன.

புதுப்பட்டியில் தீ சுடும்

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். எம். புதுப்பட்டி பக்கம் போனால் அது தானாகவே விளங்கும்.

சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் அது. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் பொழுது விடிவதே வேலைக்குப் போகத்தான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், பட்டாசுக்குத் திரி வைப்பதும், சரம் பின்னுவதும் அவர்கள் கை வேலை. வருஷம் ஒரு முறை அம்மன் கோயில் பொங்கல் வரும். கரகமும் முளைப்பாரியும் ஆன பிறகு, ராத்திரி மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவது அந்த வட்டாரத்து ஊர்களில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்குக் கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான். கதைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் அந்தப் பக்கத்தில் எரிகிற தீ, திரையில் எரிகிற தீ அல்ல. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2023 அக்டோபர் 17-ல், தீபாவளிக்குச் சில வாரங்களே இருக்கையில், எம். புதுப்பட்டிக்கு அருகே ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பெண்கள். ஓர் அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று விதி இருக்கிறது. பண்டிகை நெருங்க நெருங்க, ஆளும் மருந்தும் அந்த அளவைத் தாண்டும்போது, ஒரு சிறு உராய்வு போதும்.

“எல்லாம் படந்தானே, திரை எரிவதில்லையே” என்று அந்த வீடுகளில் போய்ச் சொல்ல முடியுமா? மகரிஷி நம் மனத்தின் சஞ்சலத்துக்காகச் சொன்ன மருந்தை, பிறருடைய துக்கத்துக்கு நாம் சொல்லும் பதிலாக ஆக்கிவிடக் கூடாது. என் துயரம் வரும்போது நான் திரையை நினைக்கலாம். அடுத்தவள் துயரம் வரும்போது அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்களால்தான் ஆன்மிகத்துக்குக் கெட்ட பெயர் வந்தது.

சுவாமி வராத பக்திப் படம்

ஆகவே, பக்திப் படம் என்றால் அதில் சுவாமி வந்தே தீரவேண்டும் என்பதில்லை. சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. 1990-ல் சலம் பென்னூர்கர் என்பவர் அந்த வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற செய்திப் படத்தை எடுத்தார். தீப்பெட்டியையும் பட்டாசையும் செய்கிற பிஞ்சு விரல்களை அது காட்டியது. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. அந்தப் படத்தைப் பார்த்து மனம் பதறிய ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பிரார்த்தனை செய்தவர்களே.

2001-ல் ஜானகி விஸ்வநாதன் இயக்கிய ‘குட்டி’ என்ற படமும் அப்படித்தான். சிவசங்கரியின் கதை. நகரத்து வீட்டில் வேலைக்கு விடப்பட்ட சிறுமியைப் பற்றியது. அதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவளிடம், “நீ சாப்பிட்டாயா அம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றினால், அன்றைய பூஜை பூர்த்தியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

பார்ப்பதற்கும் ஒரு பக்குவம்

சாப்பாட்டுக்குப் பத்தியம் உண்டென்றால் பார்வைக்கும் வேண்டாமா? கடினமான விரதம் எதுவும் சொல்லப் போவதில்லை.

விளக்கு வைக்கும் வேளையில் பத்து நிமிஷம் பெட்டி மௌனமாக இருக்கட்டும். தொடரின் கதை ஓடிவிடும் என்று பயப்படாதீர்கள். பத்து நிமிஷத்தில் அங்கே யாரும் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசி முடித்திருக்கமாட்டார்கள்!

பார்ப்பதென்று உட்கார்ந்தால் ஒன்றையே முழுவதும் பாருங்கள். இரண்டு நிமிஷம் இது, இரண்டு நிமிஷம் அது என்று மாற்றிக்கொண்டே போனால், மனம் ஒன்றிலும் தங்காமல் பிரசாதத்தை ஒவ்வொரு விள்ளலாகக் கிள்ளி எறிந்த மாதிரி ஆகும். இப்போது கைக்குள் அடங்கும் போனிலேயே படம் வந்துவிட்டதால் இந்தப் பழக்கம் அதிகமாகியிருக்கிறது.

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் எப்படிக் கவிழ்க்கலாம் என்று கற்றுக்கொடுக்கும் தொடர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். பார்த்து முடித்த பிறகு, வீட்டில் இருப்பவர்களிடம் சந்தேகம் கூடியிருக்கிறதா, பிரியம் கூடியிருக்கிறதா? சந்தேகம் கூடியிருந்தால், அந்த அரை மணி நேரம் சுவாமிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. பிரியம் கூடியிருந்தால், அது காதல் கதையாகட்டும், நகைச்சுவையாகட்டும், தாராளமாகப் பாருங்கள். வயிறு குலுங்கச் சிரித்தவள் சமைத்த சாப்பாட்டுக்கு ருசியே தனி.

குழந்தைகளோடு பார்த்தால், முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கதையில் உனக்கு யார்மேல் பரிதாபமாக இருந்தது?” குழந்தை சொல்லும் பதில் உங்களைத் திகைக்க வைக்கும். சில சமயம் அது வில்லன் பெயரைச் சொல்லும். அதையும் ஒத்துக்கொள்ளுங்கள். கருணை எந்த வாசல் வழியாக வந்தாலும் கோலம் போட்டு வரவேற்க வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று. இன்று மாலை படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, யாராவது ஒருத்தி மட்டும் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வசனத்தைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாளா? பாத்திரம் காத்திருக்கும். அவளுக்கும் ஒரு மணையைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.